க்வில்ட் ரூலர்: எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதை நாமே வெட்டிக்கொள்ளலாம்?

க்வில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரித்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, துணி வெட்டப் பயன்படும் ரூலரைப் பற்றித்தான். “அமெரிக்காவிலிருந்து நாத்தனார் வருகிறார், எந்த ரூலர் வாங்கிவரச் சொல்லட்டும்?” “ஆன்லைனில் மூன்று ரூலர் செட் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, நம்பலாமா?” “டெய்லர் ஸ்கேலே போதாதா அக்கா?” துணி எடுக்கும்போது இவ்வளவு யோசிப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு அக்ரிலிக் பட்டைக்கு அந்த விலை சொன்னால் யோசிக்கத்தானே செய்வார்கள்!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளமாக ஒன்று, சதுரமாக ஒன்று. இந்த இரண்டுக்கும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூலரையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். பணம் கரைவது பெரும்பாலும் அந்த மூன்றாவது, நான்காவது, பத்தாவது ரூலரில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரை, அதாவது கைப்பிடியில் உருளும் வட்டப் பிளேடைக் கொண்டுவந்தது. அதுவரை அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரியால் நறுக்குவதுதான் வழக்கம். கோடு போடுவதற்கு எந்த ஸ்கேலும் போதும். உருளும் பிளேடு வந்ததும் ரூலரின் வேலை மூன்றாகிவிட்டது: அளக்க வேண்டும், துணியை நகராமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிளேடு விலகாமல் தடுத்து நிற்க வேண்டும். ஒரு ரூலர் விலைக்குத் தகுந்ததா என்று பார்க்க இந்த மூன்றும்தான் அடிப்படை.

துல்லியம். ஒவ்வொரு துண்டும் 1/32 இன்ச் கூடுதலாக வெட்டப்படுகிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரிசையில் 16 துண்டு சேர்த்துத் தைத்தால் அது அரை இன்ச். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவுக்குத் தப்பாக இருந்தால் க்வில்ட் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். பாதித் துண்டுகளை ஒரு ரூலரிலும் மீதியை இன்னொரு ரூலரிலும் வெட்டி, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் மூலைகள் சேராமல் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் எந்த விலை ரூலராக இருந்தாலும், ஒரு க்வில்டை ஆரம்பித்த ரூலரிலேயே முடித்துவிடுங்கள். செலவே இல்லாத யோசனை இது.

மூலை சரியாக 90 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் தேவையில்லை. ஒரு தாளில் நேராக ஒரு கோடு போடுங்கள். ரூலரின் ஒரு விளிம்பை அந்தக் கோட்டின்மேல் வைத்து, செங்குத்தாக நிற்கும் விளிம்பை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் இன்னொரு கோடு. இப்போது ரூலரைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டி, அதே மூலையை அதே புள்ளியில் வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மூலை சுத்தம். மேலே போகப் போகக் கோடுகள் விலகினால், அந்த விலகலில் பாதி உங்கள் ரூலரின் கோணல். இது நல்ல சோதனை, ஏனென்றால் பிழையை இரண்டு மடங்காக்கிக் காட்டிவிடுகிறது.

கனம். வெட்டும் ரூலர் சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் மெல்லியது. வேகமாக உருட்டும்போது பிளேடு அதன்மேல் ஏறும். ஏறினால் அடுத்து இருப்பது உங்கள் இடது கை விரல். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு சாமான் உண்டு: தையல் மெஷினில் ரூலர் ஃபுட் (ரூலரை ஒட்டி நகரும் பாதம்) மாட்டி க்வில்டிங் டிசைன் போடப் பயன்படும் தடித்த ரூலர். அது மெஷினுக்கு ஏற்ப 5, 6 மி.மீ. வரை இருக்கும். விலை குறைவு என்று வெட்டும் ரூலரை அங்கே வைத்தால் ஃபுட் அதன்மேல் ஏறிவிடும், ஊசி ரூலரில் குத்தி உடையும்.

கோடு தெரிவது. கோடுகள் ரூலரின் அடிப்பக்கத்தில், துணியைத் தொடும் பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும். மேல்பக்கம் இருந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அளவு மாறித் தெரியும். கறுப்பு, அரக்கு, கரும்பச்சை என்று அடர்நிறத் துணிகளில் கறுப்புக் கோடு காணாமல் போகும். ஒம்னிகிரிட் ரூலர்களில் மஞ்சளும் கறுப்பும் சேர்த்துக் கோடு போட்டிருப்பது இதற்காகத்தான்.

மறைமுகச் செலவு. பில்லில் வராத செலவு: மழுங்கிப்போகும் பிளேடு, தப்பாக வெட்டி வீணான துணி, சுங்க வரி, வழியில் உடைந்த மூலை, அலமாரியில் தூங்கும் சாமான்.

## முதலில் அளவை முடிவு செய்யுங்கள்

எந்தக் கடை என்பதற்கு முன்னால் எந்த அளவு என்பதில்தான் நிறைய மிச்சம் பிடிக்கலாம்.

நம் ஊர்க் காட்டன் பெரும்பாலும் 44 இன்ச் அகலம். ஒருமுறை மடித்தால் 22. அதைக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்ட 24 இன்ச் ரூலர் வேண்டும். அதனால்தான் எல்லோரும் 6×24 என்கிறார்கள். ஆனால் இன்னொருமுறை மடித்தால் 11 இன்ச்தான். 12 இன்ச் ரூலரே போதும். விலையில் பாதியளவு மிச்சமாகும். ஒரே ஆபத்து, மடிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பட்டையை விரித்தால் மடிப்பு விழுந்த இடங்களில் ஆங்கில ‘V’ போல முறிந்து நிற்கும். துணியை அயர்ன் செய்து, கரையைக் கரையோடு சேர்த்து, மடிப்பு விளிம்பு ரூலரின் குறுக்குக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து வெட்டுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது. பொறுமை குறைந்தவர்கள் 24-ஏ வாங்கிவிடலாம்.

58 இன்ச் அகலத் துணி என்றால் ஒருமுறை மடித்தாலும் 29. 24 இன்ச் ரூலர் எட்டாது. இரண்டு மடிப்பு போட்டே ஆக வேண்டும். 36 இன்ச் பாப்ளின் மட்டும் வைத்துத் தைப்பவர்களுக்கு 18½ இன்ச் ரூலர் போதும். அது சூட்கேஸிலும் நன்றாகப் படுக்கும்.

6×24, 6½×24½ இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் அரை இன்ச் கூடியதை எடுங்கள். இரண்டு பக்கமும் கால் இன்ச் தையல் மார்ஜின் சேர்த்தால், தைத்தபின் 6 இன்ச் வரும் கட்டத்துக்கு 6½ வெட்டுகிறோம். 6 இன்ச் ரூலரில் அதை வெட்ட இன்னொரு ரூலரைத் துணைக்கு வைக்க வேண்டும்.

சதுரத்தில் 6½-ஆ 12½-ஆ? கட்டங்களைத் தைத்தபின் ஓரம் சீர் செய்வது உங்கள் பழக்கம் என்றால் 12½. சின்னத் துண்டுகள் அதிகம் என்றால் 6½. இரண்டும் வேண்டும் என்று தோன்றும். ஒன்றோடு ஒரு க்வில்டை முடித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

## பெயர் பெற்ற பிராண்ட் ரூலர்

ஒம்னிகிரிட், கிரியேட்டிவ் கிரிட்ஸ், ஓல்ஃபா ஆகியவைதான் அதிகம் காதில் விழும் பெயர்கள். இவற்றில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாகத் துல்லியத்துக்கு. ஒரே பிராண்டின் இரண்டு ரூலரை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடு கோட்டின்மேல் உட்காரும். கிரியேட்டிவ் கிரிட்ஸில் அடியில் சொரசொரப்பான வட்டங்கள் இருப்பதால் துணியில் வழுக்காது. மற்றவற்றுக்கு இந்த வசதியை நாமே செய்துகொள்ளலாம்: மெல்லிய உப்புத்தாளைப் பொட்டு அளவு வெட்டி நான்கு மூலைகளிலும் ஒட்டினால் போதும். தடித்த உப்புத்தாள் வேண்டாம், ரூலர் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவில் 6×24 ஒன்று ஏறக்குறைய 20 முதல் 30 டாலர். அங்கே இருக்கும் நம்மவர்கள் கூப்பன் வரும்வரை காத்திருந்து வாங்குவார்கள். அந்தப் பழைய வழி இப்போது அடைபட்டுவிட்டது. கைவேலைச் சாமான் விற்கும் ஹாபி லாபி கடைகள் தங்கள் 40 சதவீதக் கூப்பனை 2021 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டன. கூப்பனுக்குப் பேர்போன ஜோஆன் என்ற துணிக்கடை நிறுவனம் 2025 ஜனவரியில் மறுபடி திவால் மனு கொடுத்து, அந்த ஆண்டு மே மாத இறுதிக்குள் கடைகளையெல்லாம் மூடிவிட்டது. இப்போது அங்கே விலை குறைய நம்ப வேண்டியது பண்டிகைக்காலத் தள்ளுபடியையும், உள்ளூர் க்வில்ட் கடைகளின் ஆண்டுவிழாத் தள்ளுபடியையும், பழைய சாமான் விற்பனையையும்தான்.

இந்தியாவுக்கு நேராக வரவழைத்தால் கூரியர் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி, சில சமயம் கூரியர்காரரின் ‘கிளியரன்ஸ்’ கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ரூலர் லேசானது, ஆனால் நீளமானது. கூரியரில் எடையைவிடப் பெட்டியின் அளவுக்குத்தான் காசு. வெளிநாட்டு இணையதளத்தில் போட்டிருக்கும் விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். அந்த மொத்தத்தோடு ஒப்பிட்டால் இங்கேயே இறக்குமதி செய்து விற்கும் கடையின் விலை சில நேரம் நியாயமாகவே தெரியும்.

நாத்தனார் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் கேட்க வேண்டியது 6½×24½ நீள ரூலரும் 12½ சதுரமும். ‘அங்கே மட்டும்தான் கிடைக்கும்’ என்று ஏதாவது சிறப்பு ரூலரைச் சொல்லி அனுப்பாதீர்கள்; இங்கே எளிதில் கிடைக்காதது துல்லியம்தான், வடிவம் இல்லை. 24½ இன்ச் என்பது 62 செ.மீ.; கேபின் பையில் அடங்காது, செக்-இன் சூட்கேஸில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி, புடவைகளுக்கு நடுவில் படுக்கப்போடச் சொல்லுங்கள். அக்ரிலிக் உடைவது மூலையில்தான், மூலைக்கு மட்டும் பஞ்சு சுற்றினால் உத்தமம். கூடவே ரோட்டரி கட்டர் வாங்குகிறார் என்றால் அதையும் பிளேடையும் கைப்பையில் வைக்கவே கூடாது, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

யாருக்குப் பொருந்தும்: தொடர்ந்து தைக்கப்போகிறவர்களுக்கு, ஆன்லைன் பேட்டர்ன்களை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்கு, நண்பர்களோடு சேர்ந்து ஆளுக்கு ஒரு கட்டம் தைத்து இணைக்கிறவர்களுக்கு. கடைசியாகச் சொன்னவர்களுக்கு எல்லோரிடமும் ஒரே பிராண்ட் இருப்பது ரொம்ப நல்லது.

## ஆன்லைனில் கிடைக்கும் பெயரில்லாத செட்

படத்தில் அச்சு அசல் பிராண்ட் போலவே இருக்கும். மூன்று, நான்கு ரூலர் சேர்த்து ஒரு பிராண்ட் ரூலரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரே விற்பனையாளரிடம் ஒருவருக்கு நல்லதும் இன்னொருவருக்குக் கோணலானதும் வருவதுதான் இதில் சிக்கல்.

என் கைக்கு வந்த ஒரு செட்டில் நீள ரூலரும் சதுர ரூலரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 6 இன்ச் கோட்டை 6 இன்ச் கோட்டின்மேல் வைத்தால் ஒரு கோட்டின் தடிமன் அளவுக்கு விலகல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அதனால் பார்சலைப் பிரித்ததும் செய்ய வேண்டியது இதுதான்: ஒட்டிவந்த பாதுகாப்புத் தாளை உரிக்காமலே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், கட்டிங் மேட்டின் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பு) கோடுகளோடு வைத்துப் பாருங்கள், மேலே சொன்ன புரட்டும் சோதனையைச் செய்யுங்கள். தாளை உரித்துவிட்டால் சிலர் திருப்பி எடுக்க மறுப்பார்கள்.

இரண்டு விஷயம் வாங்கும் முன்பே கவனிக்கலாம். ஒன்று, தடிமன் எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் 2 மி.மீ. ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, அளவு இன்ச்சா சென்டிமீட்டரா? ‘15×60’ என்று இருந்தால் அது சென்டிமீட்டர் ரூலர். 15 செ.மீ. என்பது 6 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. ஜப்பானிய, ஐரோப்பியப் பேட்டர்ன்களுக்குச் சரி. நாம் அதிகம் பார்க்கும் அமெரிக்கப் பேட்டர்ன்களுக்கு ஆகாது.

மறைமுகச் செலவு இன்னொன்று: செட்டில் நீங்கள் தொடவே தொடாத ஒன்றாவது இருக்கும். மூன்றின் விலையை மூன்றால் வகுக்காதீர்கள், பயன்படுத்தப்போகும் எண்ணிக்கையால் வகுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: இந்தக் கைவேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கத் தொடங்கும் முதல் க்வில்டுக்கு. ஒரே ரூலரில் முழுவதும் வெட்டினால் அதன் சின்னப் பிழை பெரிதாகத் தெரியாது.

## நேம்போர்டு கடையில் வெட்டிய அக்ரிலிக்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நேம்போர்டு, ஷீல்டு, கடைப்பலகை செய்யும் கடைகளில் லேசர் மெஷின் இருக்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் அவர்களிடம் எப்போதும் கிடக்கும். கோரல் டிரா என்ற கணினி வரைகலை மென்பொருளில் வரைந்த ஃபைலைக் கொடுத்தால் ரூலர் தயார். வேறு வேலையில் மிஞ்சிய துண்டில் வெட்டித் தரச் சொன்னால் விலை இன்னும் இறங்கும். 

ஆனால் அங்கே நிற்பவருக்குக் க்வில்ட் தெரியாது. ரூலர் கெட்டால் நாமே பொறுப்பு. ஆகவே சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. பேச்சுவாக்கில் 25 என்று வைத்துக்கொண்டு வரைந்துவிட்டால் 24½ இன்ச் ரூலர் 9.8 மி.மீ. குட்டையாக வரும். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்! 24½ என்றால் 622.3 மி.மீ., 6½ என்றால் 165.1 மி.மீ. என்று எழுதியே கொடுங்கள். பிரின்ட்அவுட் எடுத்துப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பிரின்டர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும்.

அடுத்தது, கோடுகள் அடிப்பக்கம் வர வேண்டும். அதற்கு எண்கள் உட்படப் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பொறிக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரியும்.

மூன்றாவது, ‘காஸ்ட்’ அக்ரிலிக் என்று கேளுங்கள். அதில் லேசர் பொறித்த கோடு பால்வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும். ‘எக்ஸ்ட்ரூடட்’ ஷீட்டில் கோடு கண்ணாடி போலவே இருக்கும், துணியின்மேல் தேட வேண்டும். வெள்ளைக் கோடு அடர்நிறத் துணியில் அழகாகத் தெரியும், வெள்ளைத் துணியில் மறையும். பொறித்த பள்ளத்தில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் தேய்த்து உடனே துடைத்துவிட்டால் இந்தக் குறை தீரும்.

லேசருக்குப் பதில் சிஎன்சி ரவுட்டரில் (கணினி ஓட்டும், சுழலும் வெட்டுக்கருவி) வெட்டினால் ஓரம் சொரசொரப்பாக வரலாம். பிளேடு ஓடும் விளிம்பு அது, வழவழப்பாக இல்லாவிட்டால் கடையை விட்டு இறங்காதீர்கள். கையோடு ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன்பே நீளத்தை அளந்துவிடுங்கள்.

கோடுகளைக் கண்டபடி நிரப்பவும் வேண்டாம். ஒரு இன்ச்சுக்கு முழுக்கோடு, அரை இன்ச்சுக்குப் புள்ளிக்கோடு, விளிம்புகளில் ⅛ வரை சிறு குறிகள், ஒரு 45 டிகிரி, ஒரு 60 டிகிரி. இவ்வளவே தாராளம்.

யாருக்குப் பொருந்தும்: ஃபைல் வரையத் தெரிந்தவர்களுக்கு அல்லது வரைந்து தர வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஃபைலில் வெட்டிக்கொண்டால் இதை அடிக்க எதுவும் இல்லை: ஒரே ஷீட், ஒரே மெஷின் என்பதால் எல்லோருடைய ரூலரும் ஒத்துப்போகும். ஒரே ஒரு ரூலருக்காக அலைவதென்றால் ஆட்டோக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## டெய்லர் ஸ்கேலும் ஸ்டீல் ரூலரும்

சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டுவதாக இருந்தால் வீட்டில் இருக்கும் எதுவும் போதும். ரூலருக்குச் செலவே வேண்டாம். நேரம்தான் செலவு.

ரோட்டரி கட்டரோடு என்றால் இரண்டும் வேண்டாம். டெய்லர் கடை மரஸ்கேலின் விளிம்பைப் பிளேடு சீவிவிடும். ஸ்டீல் ரூலரில் நடப்பது நேரெதிர்: பிளேடு ஸ்டீலில் உரசினால் பிளேடின் முனை போகும். முனை போன பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இழையை வெட்டாமல் விட்டுச் செல்லும். புள்ளி புள்ளியாகத் துணி ஒட்டிக்கொண்டிருக்கும். 45 மி.மீ. பிளேடு மலிவான சாமான் இல்லை. தவிர, ஸ்டீலுக்கு அடியில் இருக்கும் துணி தெரியாது. பிரின்ட்டில் இருக்கும் பூவைக் கட்டத்தின் நடுவில் கொண்டுவர நினைத்தால் குத்துமதிப்பாகத்தான் வெட்ட வேண்டும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பிராண்ட் | பெயரில்லா செட் | நேம்போர்டு கடை | டெய்லர் / ஸ்டீல் ஸ்கேல் |
|---|---|---|---|---|
| கைவிட்டுப் போகும் காசு | அதிகம் | குறைவு | குறைவு. கூட்டாகச் செய்தால் மிகக் குறைவு | ஏறக்குறைய இல்லை |
| துல்லியம் | நம்பலாம் | சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும் | ஃபைலும் மெஷினும் சரியாக இருந்தால் நம்பலாம் | கோடு போட மட்டும் |
| பிளேடுக்குப் பாதுகாப்பு | நல்லது | தடிமனைப் பொறுத்து | நல்லது | மோசம் |
| அடர்நிறத் துணியில் கோடு | பிராண்டைப் பொறுத்து | பெரும்பாலும் சுமார் | வெள்ளைப் பொறிப்பு நன்றாகத் தெரியும் | துணியே தெரியாது |
| மறைமுகச் செலவு | சுங்கம், கூரியர் | வீணாகும் துணி, தேவையில்லாத துண்டு ரூலர் | அலைச்சல், ஃபைல் வரைய நேரம் | பிளேடு, நேரம், விரல் |

## சிறப்பு ரூலர்கள்: பர்ஸின் ஓட்டை இங்கேதான்

முக்கோணத்துக்கு ஒன்று, ஃப்ளையிங் கீஸுக்கு (நடுவில் பெரிய முக்கோணம், இரு பக்கமும் சின்ன முக்கோணம்) ஒன்று, டிரெஸ்டன் பிளேட்டுக்கு (வட்டமாக அடுக்கிய இதழ்கள்) ஒன்று, அறுகோணத்துக்கு ஒன்று, லாக் கேபினுக்கு (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள்) ஒன்று. ஒவ்வொரு பேட்டர்னும் ஏதோ ஒரு ரூலரை வாங்கச் சொல்லும். பேட்டர்ன் எழுதியவரே ரூலரையும் விற்பவராக இருப்பதுண்டு என்பதை மனதில் வையுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை கணக்கை நமக்காகப் போட்டு வைத்திருக்கும் அக்ரிலிக் துண்டுகள். கணக்கு தெரிந்தால் ரூலர் வேண்டாம்.

தைத்தபின் 3 இன்ச் வரும் பாதிச் சதுர முக்கோணம் (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரக் கட்டம்) வேண்டுமா? 4 இன்ச் சதுரம் இரண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இரு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, நடுவில் வெட்டுங்கள். இரண்டு கட்டம் கிடைக்கும். 6½ சதுர ரூலரின் 45 டிகிரிக் கோட்டைத் தையலின்மேல் வைத்து 3½-க்குச் சீர் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் 3½-ஐக் கண்ணால் தேட வேண்டாம். ரூலரின் அடியில் அந்தக் கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் அந்த க்வில்ட் முடியும்வரை அது 3½ ரூலர். டேப்பை உரித்துவிட்டால் பழையபடி 6½.

ஃப்ளையிங் கீஸ் நான்கை ஒரே தடவையில் செய்ய: முடிந்த அகலத்தோடு 1¼ சேர்த்து ஒரு பெரிய சதுரம், முடிந்த உயரத்தோடு ⅞ சேர்த்து நான்கு சின்னச் சதுரம். 4×2 வேண்டுமென்றால் 5¼-ல் ஒன்று, 2⅞-ல் நான்கு. முடிந்தது.

டிரெஸ்டன் பிளேட்டில் 20 இதழ் என்றால் ஒவ்வொன்றும் 18 டிகிரி. பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து ஒரே ஒரு இதழை வரைந்தால் போதும். அறுகோணத்துக்கு அதுவும் வேண்டாம், காம்பஸ் இருந்தால் சரி: வட்டத்தின் ஆரமும் அறுகோணத்தின் பக்கமும் ஒரே நீளம். 60 டிகிரி வைரம், சமபக்க முக்கோணம் எல்லாம் நீள ரூலரின் 60 டிகிரிக் கோட்டிலேயே வரும்.

வரைந்த வடிவத்தைப் பழைய எக்ஸ்ரே ஷீட்டிலோ ஓஎச்பி ஷீட்டிலோ (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எம்ப்ராய்டரி செய்பவர்களும் டெய்லர்களும் காலங்காலமாகச் செய்வதுதான். இதை வைத்து வரையலாம். ரோட்டரி கட்டரை மட்டும் இதன் ஓரத்தில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஷீட்டின் ஓரம் ஒரு நூலளவு குறைந்துகொண்டே வரும், இருபதாவது இதழ் முதல் இதழைவிடச் சின்னதாக இருக்கும்.

அப்படியானால் சிறப்பு ரூலர் எதுவுமே வேண்டாமா? சில இடங்களில் நான் வாங்கத்தான் சொல்வேன்.

வளைவுத் தையல் ஒன்று. ட்ரங்கர்ட்ஸ் பாத் (கால் வட்ட வளைவுள்ள கட்டம்) மாதிரி வளைவுகளை எக்ஸ்ரே ஷீட்டில் வரைந்து கத்தரியில் வெட்டினால் வளைவு துண்டுக்குத் துண்டு மாறும், தைக்கும்போது கண்ணீர் வரும். 3 மி.மீ. அக்ரிலிக் அச்சும் 28 மி.மீ. சின்னப் பிளேடும் இருந்தால் வேலை சுலபம். நீங்களே வரைந்த வளைவாக இருந்தால் நேம்போர்டு கடை போதும். விற்பனையில் இருக்கும் ஒருவருடைய டிசைனை அப்படியே நகல் எடுக்க வேண்டாம், சிலவற்றுக்குக் காப்புரிமை உண்டு.

இன்னொன்று, ஒரே வடிவத்தை நூற்றுக்கணக்கில் செய்பவர்கள். பிளாக் லாக் ரூலர்களின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அது தையல் தடித்து மேடாக இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், வழுக்கவே வழுக்காது. ஆர்டர் எடுத்துத் தைப்பவர்களுக்கு அந்த வேகமே காசு. வருடத்துக்கு ஒன்று தைப்பவர்களுக்கு அது அலமாரிக்குப் போகும்.

மூன்றாவது, மணிக்கட்டு வலி உள்ளவர்கள். ஸ்ட்ரிப்பாலஜி போன்ற ரூலர்களில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டு நகர்த்தாமலே பல பட்டைகள் வெட்டலாம். விலை அதிகம்தான். தினமும் ரூலரைத் தூக்கி வைத்து அழுத்துவது வலிக்கிறது என்றால் விலையைப் பார்க்காதீர்கள்.

## கடன், கூட்டு, பழையது

சிறப்பு ரூலரை ஒரு க்வில்டுக்குத்தான் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் கடன் வாங்குவது உத்தமம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஊர்களில் இருக்கும் க்வில்ட் கில்டுகள் (க்வில்ட் தைப்பவர்களின் சங்கங்கள்) சிலவற்றில் உறுப்பினர்கள் ரூலர் எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம். வீட்டைக் காலி செய்யும் விற்பனைகளில் கைவேலைப் பெட்டியோடு ரூலரும் வரும். இங்கே அந்த அமைப்பு குறைவு. 2019-ல் சென்னையில் நடந்த இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல் போன்ற இடங்களிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ அறிமுகமாகும் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு சிறப்பு ரூலர் என்று பிரித்து வாங்கிக்கொண்டால் எல்லோரிடமும் நாலு இருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்று குழுவின் முகப்பிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரூலர் போன இடம் தெரியாது.

பழைய ரூலரை வாங்கும்போது கோடுகள் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு நான்கு விளிம்பிலும் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே பிளேடு குதிக்கும். நிறைய பேர் வலது விளிம்பிலேயே வெட்டி வெட்டி அதை மட்டும்தான் கெடுத்திருப்பார்கள். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். மற்ற மூன்று விளிம்பும் நன்றாக இருந்தால் வாங்கிவிடலாம். கெட்ட விளிம்பின் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் கொஞ்சம் தடவி வையுங்கள், அவசரத்தில் கை அந்தப் பக்கம் போகாது.